ஏழாம் பதிப்பின்படி டிராகனை அழைக்கும் முறை

ஏழாம் பதிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலைக்கு மேலே ஒரு டிராகன் பறந்துகொண்டிருந்தது. அதைக் கீழே இறக்க வேண்டியவர் என் அத்தான். அவரால் முடியவில்லை. தப்பு அவர் மேலும் இல்லை, டிராகன் மேலும் இல்லை. நடுவில் ஒரு மன்றம் புகுந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ‘பாதாளக் கோட்டை’ என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். சீட்டு கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். கதவை உடைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், உடைந்தது கதவா, தோள்பட்டையா என்பதை இருபது முகப் பகடை முடிவுசெய்யும். வளர்ந்த ஆட்கள் இதையெல்லாம் விளையாடுவார்களா என்று கேட்பவர்கள், வளர்ந்த ஆட்கள் வேறு என்னென்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கவும்.

எங்கள் மேஜையில் நான்கு பேர். கதை சொல்பவர் மருந்துக்கடைக்காரர். கடையில் வாயைத் திறக்கவே காசு கேட்கிற மனிதர், ஞாயிறு மதியம் மட்டும் ராணி, பூதம், கழுதை எல்லாமாகவும் பேசுவார். என் அக்கா திருடி. வெளியே கணக்கு டீச்சர். ஆட்டத்தில் அவள் திறக்காத பூட்டு கிடையாது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஆட்டத்தில் மந்திரவாதி, அதுவும் சுமாரான மந்திரவாதி. நான்காவது ஆள் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். அவருடைய டயர்க்கடையின் பின்னறையில்தான் ஆட்டம் நடக்கும். பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போட்டால் அது மேஜை, பலகை போடாவிட்டால் நாற்காலி.

ஆட்டத்தில் அத்தான் ஒரு மலைக்குள்ளன், மலையில் வாழும் குள்ளமான போர்வீரன். அவனுக்கு ஒரே ஒரு வேலை. ஆறாம் பதிப்பில் அதற்கு ‘சவால்’ என்று பெயர். எதிரியைப் பார்த்து நாலு வார்த்தை திட்டுவான். எதிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். மற்றவர்களை விட்டுவிட்டு அவன் மேல் பாயும். அடி அவனுக்கு, உயிர் எங்களுக்கு. கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அத்தானுக்கு. அந்த வேலைக்கு அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமே போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: “போடா.” பேச்சு போகிறபோது திட்டு மட்டும் தங்கிவிடுவது உண்டு என்றார் டாக்டர். அவருக்கு அப்போதே ஒரு போடா கிடைத்தது. அக்காவுக்கும் போடாதான். பசித்தாலும் போடா, தலையணையைச் சரிசெய்தாலும் போடா. முகத்தைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்வோம்.

ஆனால் அவருடைய குரல் ஓரிடத்தில் பத்திரமாக இருந்தது. கோட்டை ஆட்டத்துக்கு ஒரு செயலி உண்டு. அதில் அவரவர் பாத்திரம் பேசுவதை அவரவர் குரலிலேயே பதிந்து, பொத்தான் பொத்தானாக வைத்துக்கொள்ளலாம். உடம்பு நன்றாக இருந்த காலத்தில், விளையாட்டாக, மலைக்குள்ளனின் பேச்சையெல்லாம் அத்தான் அதில் கத்தி வைத்திருந்தார். பின்னணியில் கம்ப்ரசர்கூடக் கேட்கும்.

விளையாட்டாகச் செய்ததுதான் பிறகு அவருக்கு வாய் ஆனது. இடது ஆள்காட்டி விரலால் டேப்லெட் திரையில் அழுத்துவார். கரண்ட் போனால், “மாப்ளே, வெளக்கப் புடி!” பாத்ரூமில் அக்கா நேரமாக்கினால், “எவன்டா உள்ள, கதவத் தெற!” ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, “முன்னாடி நான் போறேன், பின்னாடி வாங்க!” ஒரு குடும்பம் நடத்த அது போதுமாக இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. டிராகன் மேலே வட்டமடிக்கிறது. அக்காவின் திருடி கால் முறிந்து கிடக்கிறாள். என் மந்திரம் தீர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர், “இப்ப என்ன செய்யறீங்க?” என்று அத்தானைப் பார்த்தார். அத்தான் சிரித்தார். அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. “டேய் பல்லி! எறங்கி வாடா கீழ!” என்று கடை அதிரும். விரலை நீட்டி அழுத்தினார்.

டேப்பிலிருந்து, பல் மருத்துவமனை வரவேற்பறையில் கேட்பது போன்ற ஒரு பெண் குரல் வந்தது.

“மதிப்பிற்குரிய சிறகுடையீர், தங்களோடு கருத்து வேறுபட விழைகிறேன்.”

நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததற்கு இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அத்தான் மறுபடியும் அழுத்தினார். அதே பெண். அடுத்த பொத்தான், அதற்கடுத்த பொத்தான். “விளக்கினைப் பற்றியிருக்குமாறு வேண்டுகிறேன்.” “கதவு திறக்கப்படுமாயின் மகிழ்வேன்.” அக்கா எழுந்து டேப்பை வாங்கிப் பார்த்தாள். திரையின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘வாழ்த்துகள்! தங்கள் பாத்திரம் ஏழாம் பதிப்புக்கு உயர்த்தப்பட்டுள்ளது.’

“இவரோட குரல் எங்கடா?” என்றாள் அக்கா.

மருந்துக்கடைக்காரர் புதிய விதிப் புத்தகத்தை வாங்கி வந்தார். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். ஏழாம் பதிப்பில் சண்டை என்பது இனிமேல் ‘தீவிரக் கலந்துரையாடல்’. செத்துப்போவது ‘பங்கேற்பிலிருந்து விலகுதல்’. கதவை உடைக்கும் முன் கதவின் உரிமையாளருக்குப் போதிய அவகாசம் தர வேண்டும். உரிமையாளர் பூதமாக இருந்தாலும். மலைக்குள்ளனை இனி ‘நிலத்துக்கு அணுக்கமானவர்’ என்று சொல்ல வேண்டும். ‘சவால்’ என்ற அத்தியாயமே இல்லை. அந்த இடத்தில் ‘டிராகனை மரியாதையாக அழைக்கும் முறை’ என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதன்படி அழைத்தால் டிராகன் இறங்கி வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

விதி என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். பழைய புத்தகத்தை வைத்து நாங்கள் ஆடிக்கொள்வோம், எவன் கேட்கப்போகிறான்? ஆனால் குரல்? அது அவர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அழுத்தவும்,” என்றது. உருட்டினேன். மூன்று. நேர்மையாக மூன்றை அழுத்தினேன். “தங்கள் பொறுமை தோல்வியுற்றது. நாளை முயலவும்,” என்று வைத்துவிட்டது. மறுநாள் பகடையைத் தொடவேயில்லை. இருபது என்று அழுத்தினேன். எக்காளம் முழங்கியது. விளக்க அலுவலர் என்று ஒருவர் வந்தார்.

“என் அத்தானோட குரலக் காணோம் சார்,” என்றேன்.

“காணாமல் போகவில்லை. ஓய்வளிக்கப்பட்டுள்ளது.”

“அப்ப திருப்பிக் குடுங்க.”

“ஓய்வில் இருப்பதைத் தொந்தரவு செய்வது ஏழாம் பதிப்பின் உணர்வுக்கு எதிரானது. தாங்கள் நேரில் வந்து மூத்த விதிக் காவலரிடம் முறையிடலாம். பாதிக்கப்பட்டவர் தன் வாயால் முறையிட வேண்டும்.”

“சார், அவருக்குப் பேச வராது. அதுக்குத்தான் குரலே கேக்கறோம்.”

“அதையும் அவரே சொல்ல வேண்டும்,” என்றார் விளக்க அலுவலர்.

‘பாதாளக் கோட்டை விதிக் காப்பு மன்றம்’ நகரத்தின் மையத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. வாசலில் இரண்டு கல் டிராகன்கள். அவற்றின் வாய்களைப் புதிதாகச் சிமெண்ட் வைத்து மூடியிருந்தார்கள். திறந்த வாய் அச்சுறுத்தலாம். அத்தானை நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். லிஃப்டில் ஒரு பலகை தொங்கியது: ‘மேம்படுத்தப்படுகிறது.’ எட்டிப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. சாவியைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். என் பையில் இருந்த சாவியைப் போட்டுத் திருப்பினேன். மேலே போனோம்.

காத்திருக்கும் அறையில் நிறையப் பேர். யார் முதலில் உள்ளே போவது என்பதற்கும் பகடை. ஒன்று விழுந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தபால்காரம்மா சீருடையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தில் அவர் குதிரைவீராங்கனையாம்.

“உங்களுக்கு என்ன பிரச்சனைங்க?” என்று அக்கா கேட்டாள்.

“என் குதிரைய இப்ப ‘வாகனம்’ இல்லன்னுட்டாங்கம்மா. ‘துணை’யாம். ஏறுறதுக்கு முன்னாடி அதுகிட்ட சம்மதம் கேக்கணும். பகடை போட்டா மாட்டேங்குது. ரெண்டு வாரமா ராட்சசன் பின்னாடி நடந்தே போறேன். வேலையிலயும் நட, வெளையாட்டுலயும் நடயா?”

அத்தான் அவரைப் பார்த்து மிகுந்த அனுதாபத்தோடு, “போடா,” என்றார். அந்தம்மாவுக்குப் புரிந்தது. “ஆமாங்க, வேற என்ன சொல்றது,” என்றார்.

அக்கா பகடையை உருட்டினாள். பதினெட்டு. திருடியின் கையாயிற்றே.

விசாரணை அறையின் கதவில் பொடி எழுத்தில் ஒரு வாசகம்: ‘இவ்வறையில் பேசப்படும் சொற்கள் யாவும் மன்றத்தின் சொத்து.’ படித்தேன். படித்துவிட்டு உள்ளே போனேன். இந்தக் காலத்தில் எந்தக் கதவில்தான் இப்படி ஒன்று ஒட்டியில்லை?

உள்ளே நீள மேஜை. நடுவில் மூத்த விதிக் காவலர். தோளில் நிஜமாகவே ஒரு அங்கி. பக்கத்தில் விளக்க அலுவலர். மேஜை மேல் சிவப்பு விளக்கு எரியும் ஒரு ஒலிப்பதிவுக் கருவி.

“வருக,” என்றார் காவலர். “முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மன்றம் யாருடைய குரலையும் பறிக்கவில்லை. குரல் என்னும் பாரத்திலிருந்து விடுவித்திருக்கிறது. ஆறாம் பதிப்பில் ஒவ்வொருவரும் என்ன பேசுவது என்று தானே யோசிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு சிரமம்! இப்போது எல்லோருக்கும் ஒரே அம்மையார் பேசிவிடுகிறார். சமத்துவம்.”

“இந்த மாதிரி வெளையாட்டுல உங்களுக்குப் பழக்கம் உண்டா சார்?” என்று அக்கா கேட்டாள். டீச்சர் குரல்.

“நான் விளையாடுவதில்லை. விளையாடினால் பிடித்துப் போகலாம். நடுநிலை கெட்டுவிடும்.”

எனக்குக் காதில் சூடு ஏறியது. “சார், நான் லிஃப்ட் வேல பாக்கறேன். எங்க வேலைலயும் ரூல் மாறும். ஒரு ரூல் மாறுதுன்னா எங்கயோ ஒரு ஆளு விழுந்திருப்பான். ஒரு கொழந்தையோட வெரலு கதவுல மாட்டியிருக்கும். அதனால மாத்துவோம். இங்க யாரு சார் விழுந்தா? எங்க அத்தான் திட்டி எந்த டிராகனுக்கு சார் அடிபட்டுச்சு?”

“மிகச் சிறந்த கேள்வி,” என்று காவலர் மகிழ்ந்துபோனார். “விபத்து நடக்காமல் விதி மாறுமா? நடந்தது. ஆறாம் பதிப்பை எல்லோரும் வாங்கிவிட்டார்கள். அதுதான் விபத்து. வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மகிழ்ச்சியாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆய்வில் இன்னொரு அதிர்ச்சியும் வெளிவந்தது. விளையாடுகிற நேரத்தில் மக்கள் விதிப் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆட்டம், விதிகளுக்கு இடையூறாக இருக்கிறது. ஒரு பொறுப்புள்ள மன்றம் இதை எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருக்கும்?”

விளக்க அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதற்குத்தான் சம்பளம் போலிருக்கிறது.

“அதெல்லாம் வேணாம் சார்,” என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. “பழைய பதிவு மட்டும் குடுத்துடுங்க. அதுல இவரு என்னைய திட்டுறதுகூட இருக்கு. அது போதும் எனக்கு.”

காவலர் விளக்க அலுவலரைப் பார்த்தார். விளக்க அலுவலர் தொண்டையைச் செருமினார்.

“பதிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன, அம்மா. இடம் தேவைப்பட்டது.”

“எதுக்கு?”

“மூத்த விதிக் காவலரின் முன்னுரைக்கு. அவர் தம் சொந்தக் குரலிலேயே வாசித்திருக்கிறார். கம்பீரமாக வந்திருக்கிறது.”

அக்கா உட்கார்ந்துவிட்டாள். நான் அந்த மனிதரின் அங்கியைப் பிடித்து இழுத்திருப்பேன். கை அத்தானைத் தாங்கிக்கொண்டிருந்ததால் அவர் தப்பித்தார். ஒரு ஆள் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று, சிரித்துக்கொண்டே கத்தி வைத்த குரல். அவன் பெண்டாட்டி கேட்க, மச்சான் கேட்க உலகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதைத் துடைத்துப்போட்டுவிட்டு, விளையாடவே தெரியாத ஒருவர் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து முன்னுரை வாசித்திருக்கிறார்!

“நடைமுறை முழுமையாக வேண்டும்,” என்றார் காவலர். “பாதிக்கப்பட்டவர் தன் வாயால் ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா?” ஒலிப்பதிவுக் கருவியை அத்தான் பக்கம் நகர்த்தினார்கள்.

அத்தானின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு எதையோ தேடியது. ஒரு பெரிய வாக்கியம் உள்ளே முட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். கடைசியில் மேஜையை இடது கையால் ஓங்கி அறைந்தார்.

“போடா!”

கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. கம்ப்ரசரைத் தாண்டி வந்த அதே தொண்டை. இவ்வளவு நாளில் அவர் அப்படிச் சொல்லி நாங்களே கேட்டதில்லை.

நாங்கள் எதிர்பார்த்தது கோபம். ஆனால் காவலரின் கண்கள் மின்னின. விளக்க அலுவலரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு அத்தான் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “இன்னொரு முறை சொல்ல முடியுமா?”

அத்தான் தயங்கவே இல்லை. சொன்னார்.

“அருமை. முறையீடு பதிவாகிவிட்டது. தள்ளுபடியும் ஆகிவிட்டது,” என்றார் காவலர்.

அடுத்த ஞாயிறு டேப்பை ஓரமாக வைத்தோம். மருந்துக்கடைக்காரர் முதுகு கிழிந்த ஆறாம் பதிப்பை எடுத்து வந்தார். அத்தான் இடது கையை உயர்த்தினால், அவருக்காக நாங்கள் கத்துவது என்று ஏற்பாடு. டிராகன் இன்னமும் மேலேதான் இருந்தது. அதை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு, வேறு கதைகளில் வந்த பூதங்களை வைத்து முதலில் பழகிக்கொண்டோம். அத்தான் கையைத் தூக்கினார். “எவன்டா அது, கதவத் தெற!” என்று நான் கத்தினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

“போடா,” என்றார் அத்தான் சலிப்போடு. இப்படியா கத்துவது என்று அர்த்தம்.

அப்போது அக்கா எழுந்து நின்றாள். “எவன்டா அதூ! கதவத் தெற்றா!” அதே ஏற்றம், அதே இழுப்பு. அத்தனை வருஷம் அந்தத் தொண்டையோடு குடும்பம் நடத்தியவள். முன்பக்கம் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ஆள் முதலாளி கூப்பிட்டதாக நினைத்து ஓடி வந்தான். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. டிராகனை மட்டும் நாங்கள் தொடவில்லை. அதை அத்தான்தான் இறக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, மருந்துக்கடைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “இதப் பாத்தீங்களா?” என்று டேப்பைத் திறந்தார்.

ஏழாம் பதிப்புக்குத் திருத்தம் வந்திருந்தது. ‘மக்கள் குரலுக்குச் செவிசாய்க்கும் மன்றம்!’ என்று தங்க எழுத்து. கீழே ‘புதிய திறன்: ஒற்றைச்சொல் சவால். இதைக் கேட்டு இறங்காத டிராகன் இல்லை!’ பக்கத்தில், மாதிரிக்குக் கேட்க ஒரு பொத்தான். மருந்துக்கடைக்காரர் அழுத்தினார்.

“போடா!”

அத்தானின் குரல். அந்த அறையின் எதிரொலியோடு, மேஜையில் அறைந்த சத்தத்தோடு.

அத்தான் மெதுவாக டேப்பைத் தன் பக்கம் இழுத்தார். மலைக்குள்ளனுக்கான பக்கத்தைத் திறந்து, விரலை நீட்டி அந்தச் சொல்லைத் தொட்டார். சத்தம் வரவில்லை. ஒரு பூட்டுப் படம் வந்து இப்படியும் அப்படியும் ஆடியது. ‘இத்திறன் கட்டணம் செலுத்திய தங்கக் கோட்டை உறுப்பினர்களுக்கு மட்டும்.’ மறுபடியும் தொட்டார். பூட்டு மறுபடியும் ஆடியது.

“திருட்டு நாய்ங்க!” என்று நான் எழுந்தேன். “அவரு கழுத்து நரம்பு புடைக்கக் கத்துனது, அவருக்கே பூட்டா? கேஸ் போடுவோம். அந்தக் கண்ணாடியெல்லாம் ஒடைப்போம்!”

“ஒக்காருடா,” என்றாள் அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் டேப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, விரலை மேலே காட்டினார். கூரைக்கு, கூரைக்கும் மேலே.

“டிராகனா?” என்றார் மருந்துக்கடைக்காரர். அத்தான் தலையாட்டினார். மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதை சொல்லும் குரல் தானாக வந்துவிட்டது. “அது மேல வட்டம் போடுது. வாயில தீ. திருடி கால் ஒடிஞ்சு கெடக்கறா. மந்திரவாதிகிட்ட ஒண்ணுமில்ல. இப்ப என்ன செய்யறீங்க?”

அத்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்று, மூச்சை இழுத்து, கூரையைப் பார்த்துச் சொன்னார்.

“போடா!”

முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் யாருக்கும் கேட்கவில்லை.

பகடையை உருட்டத்தான் வேண்டும். ஆறாம் பதிப்பிலும் அதுதான் விதி. நான் பகடையை எடுத்து நீட்டினேன். மருந்துக்கடைக்காரர் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“எறங்கிடுச்சு,” என்றார்.